கொட்டாரம் போய்ச் சேர மூன்று நாள்

குழித்துறையில் பேருந்து ஏறினால் கொட்டாரம் இரண்டு மணி நேரம். நாகர்கோவிலில் இறங்கி நிதானமாக ஒரு சாயா குடித்தால் இரண்டரை. அந்தத் தூரத்தை மூன்று பகலில், ஐந்து இடங்களில் நின்று, ஓர் அடைக்கோழியோடு கடந்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவர் பெனினா அக்கா. இன்னொருவன் நான்.

முதலில் என் பெயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணமே அதற்காகத்தான். சான்றிதழில் நான் அஜின். ஊரில் பைலட்.

அப்பா செங்கல் சூளையில் கல் அறுப்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்த அன்று அப்பா சூளையில் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்து, “எனக்க மகன் பைலட்டுக்குப் படிக்கப் போறான்” என்று அறிவித்தார். அது பைலட் படிப்பில்லை, விமானம் செய்கிற படிப்பு என்று நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயில் பழம்பொரி இருந்தது. ஒன்பது வருடமாகியும் சொல்லவில்லை.

இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. இறக்கையின் பரப்பைக் கணக்கிடப் படித்தவன், குளியலறைத் தரையின் பரப்பைக் கணக்கிடுகிறேன். ஊருக்கு இது உறுத்தவில்லை. பைலட்டுக்கு லீவு நீண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நான் விமானத்தில் ஏறியதே இல்லை. வளைகுடாவுக்குப் போன மாமாவை வழியனுப்பத் திருவனந்தபுரத்தில் கண்ணாடிக் கதவு வரை போயிருக்கிறேன். துப்பாக்கி வைத்திருந்தவர் அதற்கு மேல் விடவில்லை. “பைலட்டே” என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூசும். ஒரே ஒரு முறை தரையை விட்டு மேலே போய்விட்டு வந்தால் அந்தக் கூச்சம் போய்விடும் என்று நம்பினேன்.

அப்படி இருக்கையில், சித்திரைக் கடைசியில் கொட்டாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தரிசு மைதானத்தில் சின்ன விமானக்காரர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேர் உட்காருகிற விமானங்கள், கையால் இயக்குகிற பொம்மை விமானங்கள், அவற்றின் மேல் பைத்தியம் கொண்ட மனிதர்கள். நடத்துபவர் பெரிய விமானங்களை ஓட்டி ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் சொல்கிறார்கள். பழைய எஞ்சின்கள் என்றால் அவருக்கு உயிராம். நான்கு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. பழைய வண்டி ஏதாவது ஒன்றை, கட்டி இழுக்காமல், அதன் சொந்த எஞ்சினில் ஓட்டிக்கொண்டு வருகிறவனை நான் ஒரு சுற்று மேலே கூட்டிப்போவேன். ஞாயிறு காலை ஒன்பதுக்குள் வா. அதன்பிறகு கடற்காற்று ஏறிவிடும்.

எங்கள் ஊரில் பழைய வண்டி என்றால் ஒன்றுதான். பெனினா அக்கா வீட்டு முற்றத்தில் நிற்கும் சுவிசேஷ வண்டி. அந்தக் காலத்தில் உபதேசியார் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வாராம். உள்ளே மடக்குக் கட்டில் இரண்டு, அடுப்பு வைக்க ஒரு தட்டு, தண்ணீர்த் தொட்டி. கூரையில் ஒரு புனல் ஒலிபெருக்கி. பின்பக்கம் மங்கிப்போன எழுத்தில் ‘மனந்திரும்புங்கள்’. இப்போது இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர் வைத்து வெளிநாட்டுக்காரர்கள் ஊர் சுற்றுகிறார்கள். அக்காவின் அப்பாதான் அதற்கு டிரைவர். மிஷன் வேண்டாம் என்று ஒதுக்கியபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவருக்குப் பிறகு கோழிகள் அதில் முட்டையிட்டன.

அக்காவும் டிரைவர்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அப்பா இந்த வண்டியில் கேப் வரை, கன்னியாகுமரி முனை வரை போயிருக்கிறார், நான் இதைத் தக்கலை தாண்டி ஓட்டியதில்லை, பள்ளிக்கூடமும் லீவு, போவோம் என்றார். ஒரே நிபந்தனை, கட்டிலுக்கு அடியில் அடைகாக்கும் கோழியை எழுப்பக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டோம். அக்கா ஜெபம் செய்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், திரும்பிப் பார்த்து “எல்லாரும் ஏறியாச்சா?” என்று கேட்டார். நான் ஒருவன்தான் இருந்தேன். ஏறியாச்சு என்றேன். ஒன்று என்று எண்ணிக்கொண்டு கியர் போட்டார். முப்பதுக்கு மேல் வேகம் கிடையாது. ஜன்னலில் முழங்கை வைத்தால் கையை உள்ளே வைக்கச் சொல்வார்.

முதல் தடவை வண்டி நின்ற இடம் என் டைல்ஸ் கடை வாசல். புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விமான விஷயமாக வெளியூர் போகிறேன் என்று முதலாளியிடம் முந்தின நாள்தான் கொஞ்சம் மிதப்பாகவே லீவு சொல்லியிருந்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். கேட்டிருக்கலாம். பேட்டரி வயர் கழன்றிருந்தது. அதை நான் மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பேருந்து பக்கத்தில் வந்து நின்றது.

அதன் கண்டக்டர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அந்த வாரம் முழுக்க அவருக்கு அதே வண்டி, அதே தடம். போக, வர, போக, வர என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை எங்களைத் தாண்டப்போகிறவர். படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்.

“பைலட்டே, எத்தன மணிக்கு பிளைட்டு?”

பேருந்து சிரித்துக்கொண்டே போனது.

இரண்டாவது தடவை அழகியமண்டபம் தாண்டி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து முன்னால் ஒரே ஆவி. இந்த இடத்தில் என் படிப்பு விழித்துக்கொண்டது. சாலையோரம் ரப்பர் தோட்டம். மரத்தில் கட்டிய சிரட்டைகளில் பால். கேட்டு ஒரு சிரட்டை வாங்கி, என் பழைய வேட்டியைக் கிழித்து, பாலில் முக்கி, ஹோஸைச் சுற்றி எட்டு மடிப்பாகக் கட்டினேன். விமானத்தின் உடம்பே இப்படி அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வதுதான் என்று அக்காவுக்கு விளக்கினேன். அழுத்தம், இழுவிசை எல்லாம் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

மூன்று கிலோமீட்டர் தாங்கியது. வேகவைக்காத ரப்பர் பால் கொதிதண்ணீர் பட்டால் இளகும் என்பது ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தக்கலை பேருந்து நிலையத்தின் எதிரே ஹோஸ் மறுபடி பிய்த்துக்கொண்டது. வேட்டி எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வெந்தது. அந்த நாற்றத்துக்குப் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் நிழற்குடையை விட்டு வெயிலில் போய் நின்றார்கள்.

“மக்கா,” என்றார் அக்கா, மூக்கைப் பொத்திக்கொண்டு. “இனி உனக்கு ஏதாவது தோணினா என்னட்ட கேட்டுட்டு தோணணும்.”

அந்த அளவு ஹோஸ் இப்போது எங்கும் கிடையாதாம். தோட்டத்து மோட்டார் விற்கும் கடையில் பொருந்துகிற மாதிரி ஒன்று இருந்தது. கடைக்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார், மறுநாள் காலைதான் வருவார். அன்றைய பயணம் அங்கே முடிந்தது. பதினைந்து கிலோமீட்டர்.

மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் கறியும் அக்கா கொண்டுவந்திருந்தார். தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பாட்டிமார் வந்து, பிரசங்கக் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள். சிறு வயதில் இந்த வண்டியின் பின்னால் ஓடியவர்களாம். கூட்டம் இல்லை, ஹோஸ் போச்சு என்று சொன்னால் போக மனமில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி, ஜெபம் வேண்டும் என்றார். அக்கா கை கழுவிவிட்டு வந்து ஜெபம் செய்தார். என்னையும் கண்ணை மூடச் சொன்னார். நடுவில் ஒரு கண்ணைத் திறந்தேன். எதிரே பேருந்து. ஜன்னல் ஜன்னலாக எங்கள் ஊர் முகங்கள். கண்டக்டர் மட்டும் மரியாதையாகத் தலையைக் குனிந்திருந்தார்.

சனிக்கிழமை புது ஹோஸோடு வண்டி நன்றாகவே ஓடியது. வில்லுக்குறி தாண்டினால் எனக்கு வேறு நாடு. எங்கள் பக்கம் ஏற்றமும் இறக்கமும்தான். ஒவ்வொரு வீடும் தன் மரங்களுக்குள் ஒளிந்திருக்கும். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பது மணத்தால் மட்டுமே தெரியும். இங்கே நிலம் பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது. வயல், குளம், மறுபடி வயல். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டித் தெருவாக நிற்கின்றன. ஒரே மாவட்டம், ஒரே கலெக்டர். ஆனால் நாங்கள் பேசினால் பாட்டு மாதிரி இருக்கிறதென்று இவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் பேசினால் யாரையோ அதட்டுகிற மாதிரி இருக்கும் எங்களுக்கு.

நாகர்கோவிலில் ரசவடை சாப்பிட்டோம். எனக்குப் பிடித்திருந்தது. மொறுமொறுவென்று பொரித்த வடையை எதற்கு முக்கிக் கொல்லுகிறார்கள் என்று அக்கா கடைக்காரரிடமே கேட்டார். அவர் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார்.

சுசீந்திரம் தாண்டியதும் ஒரு சின்ன ஊர். அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா. நடுப்பகல். தெரு முழுக்கத் தோரணம், நையாண்டி மேளம். அந்தத் தெருவின் வாயில், அம்மன் வெளியே இறங்கிவரும் வழியை முழுக்க அடைத்துக்கொண்டு, ‘மனந்திரும்புங்கள்’ என்ற எழுத்து நேரே சந்நிதியைப் பார்க்க, எங்கள் வண்டி இருமி நின்றது.

மேளம் நின்றது. வெள்ளை வேட்டியும் தோளில் நேரியலுமாக ஒருவர் வந்தார். கொடைக் கமிட்டிக்காரர். பெயர் தாணு அண்ணாச்சி என்று பிறகு தெரிந்தது.

“எம்மா, அம்மன் இப்பம் வெளிய எறங்கணும். வண்டிய இங்ஙன கொண்டாந்து நிப்பாட்டினா எப்பிடி?”

“நான் நிப்பாட்டல்ல அண்ணாச்சி. அதுவா நின்னு.”

அவர் பின்பக்கம் போய் எழுத்தை நிதானமாக வாசித்துவிட்டு வந்தார்.

“நாங்க பொறவு திரும்புகோம். மொதல்ல வண்டியத் திருப்புவோம்.”

இருபது பேர் கைவைத்துத் தள்ளி ஆலமரத்தடியில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு நாளில் வண்டி சத்தமில்லாமல், குலுங்காமல் நகர்ந்த தூரம் அது ஒன்றுதான். அண்ணாச்சிக்கு டிராக்டர் ஒர்க்‌ஷாப். மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். பெட்ரோல் பம்பு செத்துவிட்டது என்றார். கொடை முடியாமல் கருவியைத் தொட முடியாது, சாயங்காலம் பார்க்கலாம் என்றார். பிறகு அவர் கண் எங்கள் கூரையிலிருந்த ஒலிபெருக்கிக்குப் போயிற்று. அவர்களுடைய மைக் செட்டில் ஒரு ஹாரன் காலையிலேயே பழுதாகியிருந்தது.

அக்கா கூரையை அண்ணாந்து பார்த்தார். உபதேசியாரின் பிரசங்கத்துக்காகத் தன் அப்பா பேணிவைத்திருந்த ஹாரன் அது. பாட்டுப் போடக்கூடாது, காணாமல் போன பிள்ளையைத் தேடவும் சோறு தயார் என்று சொல்லவும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். அன்று முழுக்க எங்கள் ஹாரன், வழியை மறித்து நிறுத்திய பைக்குகளின் எண்களையும், ஒற்றைச் செருப்பைத் தொலைத்த ஒருவரின் அங்க அடையாளங்களையும் ஊருக்கு அறிவித்தது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். அக்கா நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.

“அண்ணாச்சி, தப்பா எடுக்கப்பிடாது. படைச்சதா, படைக்காததா?”

“படைச்சது அந்தப் பக்கம். உங்களுக்கு சமையல்புரைலேருந்து நேரா வருகு. எங்க ஊருக்கும் உங்காளுக வராதவங்களா?”

உட்கார்ந்தோம். பருப்பு, நெய், சாம்பார், அவியல், எரிசேரி, புளிசேரி. இலையிலேயே பாயசம் ஊற்றி, பழமும் பப்படமும் பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். நான் மோர் வந்த பிறகும் இலையை மூடாமல் காத்திருந்தேன். எங்கள் பக்கம் நல்ல விருந்து என்றால் மீன் இல்லாமல் முடியாது. பக்கத்தில் இருந்தவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, கேரளாவா என்றார். இல்லை, குழித்துறை என்றேன். அதைத்தான் கேட்டேன் என்றார்.

பரிமாறிக்கொண்டே வந்த அண்ணாச்சி என் படிப்பைக் கேட்டார். விமானப் பொறியியல் என்றேன்.

“அப்பம் பைலட்டுன்னு சொல்லும்.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறையப் பாயசம். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் விழுங்கி முடிப்பதற்குள் பந்தி முழுக்க பைலட்டுக்கு இன்னொரு கரண்டி, பைலட்டுக்கு இன்னொரு பப்படம் என்றாகிவிட்டது. என் வாழ்க்கையில் உண்மைக்கும் பலகாரத்துக்கும் ஏதோ பகை இருக்கிறது.

சாயங்காலம் அண்ணாச்சி வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். பம்புக்கு வேறு வழியில்லை என்று, ஒரு பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் ஊற்றிக் கூரையில் ஹாரன் பக்கத்தில் கட்டினார். அதிலிருந்து ஒரு டியூபை நேரே எஞ்சினுக்கு இறக்கினார். பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்கு டிரிப் ஏற்றுகிற அதே முறை. கொட்டாரம் வரை உயிர் இருக்கும் என்றார்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். மிச்சம் ஏழு எட்டு கிலோமீட்டர். இரண்டு தடவை டியூபில் காற்று நுழைந்து, இரண்டு தடவையும் நான் கூரையில் ஏறி கேனைத் தட்டினேன். கொட்டாரம் கடைத்தெருவைத் தாண்டினோம். தூரத்தில் மைதானம் தெரிந்தது. தென்னைகளுக்கு மேலே மஞ்சள் இறக்கை ஒன்று ஏறித் திரும்பியது. அப்போது ஒரு சின்ன ஏற்றம். கருகுகிற வாடை. வண்டி முனகிக்கொண்டே நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.

அக்கா ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. சக்கரம் அசையவில்லை.

“கிளச்சு போச்சு,” என்றார். “எஞ்சின் உண்டு. சக்கரம் அதுக்க பேச்சக் கேக்கல்ல.”

மணி எட்டேகால். மைதானத்து வாசல் அரைக் கிலோமீட்டர். வாசலில் தொங்கிய, காற்றின் திசை காட்டும் துணிப்பை லேசாக அசையத் தொடங்கியிருந்தது.

பேருந்து வந்தது. அங்கே நிறுத்தம் கிடையாது. இருந்தும் நின்றது. கண்டக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“ஏறு பைலட்டே. ரெண்டு நிமிசத்துல வாசல்ல எறக்குதேன். மூணு நாளாச்சுல்லா.”

இதை நான் மறைக்கப்போவதில்லை. ஏறினேன். ஒரு கால் படியில் இருந்தது. வண்டியில்லாமல் போனாலும் கேப்டனிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தபடி, பள்ளிக்கூட வேனில் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“ஒரு ஆளு கொறையுது.”

காலை எடுத்துக்கொண்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். உள்ளே திரும்பி, நடக்க முடிந்தவர்கள் எல்லாம் ஐந்து நிமிடம் இறங்க வேண்டும், பைலட்டுக்கு பிளைட் இருக்கிறது என்றார்.

இறங்கினார்கள். வெள்ளைச் சட்டையோடு ஆராதனைக்குப் போகிறவர்கள், கேப் பார்க்க வந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று, மீன் கூடையைப் பேருந்திலேயே விட்டு வந்த இரண்டு அக்காமார், எங்கள் ஊர் ஆட்கள் நான்கு பேர். முப்பது பேருக்குக் குறையாது. கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தால் தள்ளினார்கள், ஒற்றை விசிலுக்கு நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். நான் நடுவில், ‘மனந்திரும்புங்கள்’ எழுத்தில் கன்னத்தைப் பதித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வாசல் நெருங்கியதும் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, எஞ்சினை முழு வேகத்தில் உறும விட்டார். உயரமான வண்டி. முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது. தெரிந்ததெல்லாம், புகையைக் கக்கிக்கொண்டு, சிங்கம் மாதிரி கர்ஜித்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு கிழட்டு வண்டி கம்பீரமாக உள்ளே வருவதுதான். ஓட்டுகிற பெண்மணி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மைதானமே கை தட்டியது.

ஒற்றை விசில். நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். நரைத்த மீசையோடு உயரமாக ஒருவர் எங்கள் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் இங்கிலீஷில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

“இந்த எஞ்சின் சத்தத்தை அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலிருந்தே கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சொந்த எஞ்சினில் வந்திருக்கிறாய். சொன்னபடி செய்கிறேன், வா.”

மணி எட்டு நாற்பது. அந்த மஞ்சள் விமானம் இருபதடியில் நின்றது. எனக்கு முன்னால் ஒரே ஒரு வேலை, பேசாமல் இருப்பது. அதில் எனக்கு ஒன்பது வருட அனுபவம். ஆனால் அன்றைக்கு வாயில் ஒன்றும் இல்லை.

“எஞ்சினில் வரவில்லை சார். கிளச் போய்விட்டது. பேருந்துக்காரர்கள் தள்ளினார்கள்.”

“லேய்” என்று அக்கா பல்லைக் கடித்தது கேட்டது.

கேப்டன் என் கையை விட்டார். மெதுவாக வண்டியைச் சுற்றிப் பின்னால் போனார். அங்கே முப்பது பேர் மூச்சைப் பிடித்துக் குனிந்திருந்தார்கள். கண்டக்டர் உதட்டில் விரல் வைத்து, வடநாட்டுக் குடும்பத்தை அடக்கிக்கொண்டிருந்தார். கேப்டன் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த நேரம் மூன்று நாளைவிட நீளமாக இருந்தது.

“எஞ்சின் ஓடுகிறது,” என்றார் கடைசியில். “வண்டியும் வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஓடு, தொப்பியைப் போடு, காற்று ஏறுகிறது.”

அந்த விமானத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஆட்டோவின் முன்பாதியைப் பிய்த்து, தலைக்கு மேல் ஒரு கூடாரத்தைக் கட்டி, முதுகுக்குப் பின்னால் ஃபேன் வைத்தது போலிருந்தது. கதவு கிடையாது. காலுக்குக் கீழே தகடு கிடையாது. ஒரு குழாயும், அதற்குப் பிறகு பூமியும்தான். அது ஏன் பறக்கும் என்று நான் நான்கு வருடம் படித்திருக்கிறேன். ஓடத் தொடங்கியதும் அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தக்கலையில் அக்கா செய்த ஜெபத்தில் கேட்ட அளவுக்குச் சொன்னேன்.

திறந்தபோது தென்னைகள் தட்டையாகக் கிடந்தன. குளங்களில் சூரியன் ஒன்று விட்டு ஒன்றில் எரிந்தது. தெற்கே கடல், இரண்டு பக்கமும் வளைந்து வந்து நிலத்தை நெருக்கியது. வடக்கே மலை. அதன் அடியில் ஒரு நூல் மாதிரி சாலை. அந்த நூலில் ஒரு சிவப்புப் புள்ளி நகர்ந்தது, எங்கள் பேருந்து. மேற்கே மூட்டத்தில், நாங்கள் புறப்பட்ட பக்கம், ஏதோ ஒரு புகை ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் நான் உருண்டு புரண்டு கடந்த நாடு முழுக்க என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. சிரிப்பு வந்தது. காற்றில் அது வாய்க்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

கேப்டன் முன்னால் இருந்து பிடியைக் காட்டி, கொஞ்ச நேரம் நீ பிடிக்கிறாயா என்று சத்தமாகக் கேட்டார். ஊரே பைலட் என்று கூப்பிடுகிற நான், இரண்டு கையாலும் இருக்கைக் கம்பியை இறுக்கிக்கொண்டு, வேண்டாம் சார் என்றேன். இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் வேண்டாம் என்றேன்.

இறங்கித் தொப்பியைக் கழற்றினேன். எங்கள் வண்டியைச் சுற்றி விமானங்களைச் சுற்றி நின்றதைவிடப் பெரிய கூட்டம். பாதிப் பேர் வண்டியைப் பார்க்க, மீதிப் பேர் கோழியைப் பார்க்க. கேப்டன் அக்காவையும் அழைத்தார். அக்கா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இதில் ஹாரன் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டார்.

அக்கா போனில் சொல்லியிருந்ததால் மதியம் தாணு அண்ணாச்சி கிளச் தட்டோடு பைக்கில் வந்து சேர்ந்தார். மறுநாள் திங்கட்கிழமை நாங்கள் திரும்பினோம். வழியில் எங்கும் நிற்கவில்லை. மூன்று மணி நேரத்தில் குழித்துறை. அன்றைக்கு அந்தக் கண்டக்டருக்கு லீவு. ஒழுங்காக ஓடிய வண்டியை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை.

நேரே சூளைக்குப் போனேன். அப்பா கல் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். நான் பைலட் இல்லை, படித்தது வேறு, இத்தனை நாள் சொல்லவில்லை என்று.

அப்பா கையிலிருந்த கல்லை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“அது எனக்கு அறியாதா? உனக்க படிப்புக்க பேரு எனக்க வாயில கொள்ளல்ல மக்கா. கொண்ட பேரச் சொன்னேன்.” அடுத்த கல்லை எடுத்தார். “மேல இருந்து பாத்தப்பம் நம்ம சூளை தெரிஞ்சா?”

“ஒரு புகை தெரிஞ்சுதுப்பா. நம்மளதான்னு தெரியல்ல.”

“நம்மளதான். ஞாயித்துக்கிழமை வேற எவன் எரிப்பான்?”

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகப் பேருந்தை நிறுத்தினேன். அதே பேருந்து, அதே கண்டக்டர். உள்ளே பாதிப் பேர் என்னை மூன்று நாளாக வண்டிக்கு அடியிலும், கூரை மேலும், பின்னாலும் பார்த்தவர்கள். யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஹோஸ் என்ன ஆயிற்று, கிளச் என்ன ஆயிற்று, கோழி குஞ்சு பொரித்ததா என்றுதான் கேட்டார்கள். படியில் நெரிசல். கண்டக்டர் இரட்டை விசில் ஊதப்போனவர், என்னைப் பார்த்து நிறுத்தினார்.

“கிளீனரே, உள்ள ஏறி வா.”

ஒரு தடவை மேலே போய்வந்தேன், பைலட் பெயர் போய்விட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். கூசவில்லை.